புள்ளியும் தவணையும்

பிள்ளையார்பட்டி என்றதும் கற்பக விநாயகரும், குன்றைக் குடைந்தெடுத்த குடைவரைக் கோயிலும் நினைவுக்கு வருதல் இயல்பு. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில் அமைந்த இவ்வூரின் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது அவற்றை அன்று. ஓர் இளந்தம்பதியரை 'குடும்பம்' என்று கணக்கில் ஏற்றுக்கொள்ளும் இடமாகவும் இக்கோயில் விளங்கிவருகிறது. அக்கணக்கு எவ்வாறு ஒரு கூரைக்குக் கீழ் இடம் தந்தது, அந்த இடம் இன்று எங்கே போயிற்று என்பதே நம் வினா.

நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு ஒன்பது கோயில் பிரிவுகள் உண்டு. இளையாற்றங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்பன அவை. ஒரே கோயிலைச் சேர்ந்தோர் பங்காளிகள்; அவர்களுக்குள் மணவுறவு இல்லை. பிள்ளையார்பட்டியாரும் இரணியூராரும் உடன்பிறந்த முறையினர் என்பதால் அவ்விரு பிரிவினரும் தமக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. திருமணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வருதல் வேண்டும். மாலை வந்து மணம் முடிந்தால் அத்தம்பதியர் ஒரு 'புள்ளி' ஆவர். எத்தனை வயதானாலும் மணமாகாத ஆடவன் புள்ளி ஆவதில்லை. ஊர்க்கோயில் திருப்பணிக்கும் விழாவுக்கும் பணம் திரட்டுகையில் தலைக்கு இவ்வளவு என்று கேட்பதில்லை. புள்ளிக்கு இவ்வளவு என்றே கேட்பர்.

சுருங்கச் சொன்னால், புள்ளி என்பது அடுப்புக் கணக்கு. தனி அடுப்பு மூட்டும் தகுதி பெற்ற இருவரைச் சமூகம் ஓர் அலகாக எண்ணியது. அவ்வாறு எண்ணியபின் அவர்களுக்கு அடுப்பு மூட்ட இடமும் கொடுத்தது. இந்த இரண்டாவது செய்திதான் இன்று நம் சிந்தனைக்கு உரியது.

வேறு வைத்தல்

கூட்டுக்குடும்பம் என்றவுடன் ஒரே உலையில் எல்லார்க்கும் சோறு பொங்கும் காட்சியையே நாம் கற்பனை செய்கிறோம். செட்டிநாட்டு வழக்கம் அதனின்று வேறுபட்டது. மணமான மகனைச் சிலகாலம் கழித்து 'வேறு வைப்பது' அங்கு முறை. அவன் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. அதே வீட்டில் அவனுக்கும் மனைவிக்கும் ஓர் அறையும், சமைப்பதற்கு ஒரு பகுதியும் ஒதுக்கப்படும். ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளவும் வகுக்கப்படும். அந்த அளவுக்குள் குடித்தனம் நடத்துவது மருமகளின் பொறுப்பு.

கருத்து வேற்றுமையாலோ மாமியார் கொடுமையாலோ நிகழ்ந்த பிரிவினை அன்று இது. மனக்கசப்பு தோன்றுமுன்னரே வரவையும் செலவையும் பிரித்துவைக்கும் முன்யோசனை. வணிகக் குடியினர் ஆதலின் கணக்குப் பேரேட்டில் தனிப்பக்கம் திறப்பதுபோல் மகன் குடும்பத்துக்கும் தனிப்பக்கம் திறந்தார்கள். கூரை பொது, பெட்டி தனி. இருபது வயது கூட நிரம்பாத ஒரு பெண், தன் அடுப்புக்குத் தானே அரசியாக, அதேவேளை இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கூப்பிட்ட குரலுக்கு நான்கு பேர் எழுந்துவரும் தொலைவில் இருந்தாள்.

அவ்வீடுகளின் அமைப்பே இவ்வழக்கத்தின் கட்டட வடிவம். தெருத் திண்ணை, முகப்பு, அதனை அடுத்து வெட்டவெளியான வளவு, வளவைச் சுற்றிப் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள், அப்பால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் அடுப்படியும் கிணறும். ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடுகளும் உண்டு. வாயிலில் நிற்பவர்க்கு முகப்பின் பகட்டே தெரியும். ஆனால் வீட்டின் உயிர் வளவில் இருந்தது. அறைகள் சிறியவை. பெரும்பாலும் சீர்ச் சாமான்களையும் துணிமணிகளையும் பூட்டிவைக்கவும், தம்பதியர் தனித்திருக்கவுமே பயன்பட்டன. நாள்முழுதும் வாழ்க்கை நடந்தது பொதுவான பத்தியிலும் வளவிலும்தான். மாவரைத்தல், நெல் காயவைத்தல், பிள்ளைக்குத் தலைவாருதல், தொட்டில் ஆட்டுதல் யாவும் அங்கேயே.

ஆடவர் பலர் ஊரில் இருந்ததே இல்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டியடிப் பையனாகவோ, அடுத்தாளாகவோ, மேலாளாகவோ கடல் கடந்து சென்றவர் ஒரு கணக்குக்கு மூன்றாண்டு அங்கேயே தங்குவது வழக்கம். தந்தை திரும்பிவருகையில், அவர் புறப்பட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளை முற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஆண்டுகளில் பிள்ளையை வளர்த்தவர்கள் ஆத்தாவும் அப்பத்தாவும், பெரியாத்தா சின்னாத்தாமாரும். வளவைச் சுற்றிய அறைகளின் கதவுகள் அனைத்தும் வளவை நோக்கியே திறந்தன. எந்தப் பிள்ளை விழுந்தாலும் எவரேனும் ஒருவர் கண்ணில் படாமற் போகாது.

யாருடைய பணம்?

இவ்வளவும் கேட்டு, 'அந்தக் காலம் பொற்காலம்' என்று பெருமூச்சு விட்டு எழுந்துவிடுதல் எளிது. வரலாறு நம்மை அவ்வாறு எழவிடுவதில்லை. அவ்வீடுகள் எவ்வாறு எழுந்தன என்று கேட்டாக வேண்டும்.

செட்டிநாட்டின் பெருவீடுகளுள் மிகுதியானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கட்டப்பட்டவை. 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அண்மையில் வந்தது. ஐராவதி வடிநிலத்தில் காடு திருத்தி நெல் விளைவிக்க உழவர்க்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் சிற்றுழவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர்கள் நகரத்தார். 1929-30-இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்கியதாகவும், அவற்றின் மொத்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அந்நாளைய 75 கோடி என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும்.

அந்த வட்டியே தேக்கு மரத் தூண்களாகவும், இத்தாலியப் பளிங்காகவும், பெல்ஜியக் கண்ணாடியாகவும் இங்கு வந்திறங்கியது. முட்டை வெண்கருவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து, நூறாண்டு கழிந்தும் பளபளக்கும் சுவராயிற்று. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் வார்க்கப்பட்ட பூங்கற்கள் தரையாயின.

பின்னர் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. அரிசி விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய உழவரால் வட்டி கட்ட இயலவில்லை. அடகு நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதமாயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தை அன்று, ரொக்கத்தை. ஆயினும் நிலமிழந்த பர்மிய உழவனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? அவனும் இளந்தந்தையாகவே இருந்திருப்பான். அவன் பிள்ளை உறங்கிய குடிசையின் நிலத்தை வட்டி உண்டது.

1942-இல் ஜப்பானியர் படையெடுப்பு. இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவிலிருந்து வெளியேறினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1962-இல் இராணுவ ஆட்சி வந்தபின், 1963-64-இல் வங்கிகளும் கடைகளும் நாட்டுடைமையாயின. எஞ்சியிருந்தோரும் கையில் ஒன்றுமின்றிக் கப்பலேறினர். காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயரில் இன்றும் ஒரு குடியிருப்பு உண்டு. வளவு இருந்தது, அதற்கு நெய்யும் நெல்லும் அனுப்பிய ஊற்று வறண்டது. மகனை வேறு வைக்க அறை மிஞ்சியது, ஆண்டுப்படி கொடுக்கப் பணம் மிஞ்சவில்லை.

ஆகவே பழைய முறையின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இரண்டு செய்திகளைச் சேர்த்தே பேச வேண்டும். ஒன்று, அது ஒரு சமூகத்தார் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு; அவ்வீட்டைக் கட்டிய கொத்தனாரும் சித்தாளும் மாலையில் திரும்பிச் சென்றது கீற்றுக் குடிசைக்கு. மற்றொன்று, அதன் அடித்தளத்தில் வேறொரு நாட்டு உழவனின் தவணை புதைந்திருந்தது.

ஒரு வீடும் இருபத்தேழு பெயரும்

ஊற்று வறண்டபின் வீடு என்னவாயிற்று? எளிய கணக்கு ஒன்று போடுவோம். வீடு கட்டிய அய்யாவுக்கு மூன்று ஆண்மக்கள் எனக் கொள்வோம். ஒவ்வொருவர்க்கும் மும்மூன்று பேர் எனில் பேரர் ஒன்பதின்மர். அடுத்த தலைமுறையில் இருபத்தெழுவர். அவர்கள் இவ்விருவராகப் பெற்றால் ஐம்பத்து நால்வர். தமிழ்நாட்டில் 1989-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தமும், 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தமும் மகள்களுக்கும் மூதாதையர் சொத்தில் உரிமை அளித்தன. நீதி அதுவே, ஐயமில்லை. கையொப்பமிட வேண்டியோர் தொகையும் அதனால் பெருகியது.

இருபத்தேழு பேரும் ஓரூரில் இல்லை. சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், சிலர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் இசைய வேண்டும். ஒருவர் மறுத்தாலும், ஒருவர் மறுமொழி தராவிட்டாலும் மழைநீர் உத்தரத்தில் இறங்கும். ஆண்டுக்கொரு முறை படைப்புக்கும் பொங்கலுக்கும் திறந்து, மறுபடி பூட்டப்படும் வீடுகள் ஊருக்கு ஊர் உள்ளன. பராமரிக்க இயலாத வீடுகள் பிரித்து விற்கப்பட்டன. தூண், நிலை, கதவு, மரப்பெட்டி, பீங்கான், பித்தளை எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் விலைக்குக் கிடைக்கும். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. வீடுகள் சில விடுதிகளாக மாறியுள்ளன. சுற்றுலா வந்தவர் ஓரிரவுக்குப் பணம் கொடுத்து வளவைச் சுற்றிய அறையில் உறங்குகிறார். அத்தகைய ஓர் அறையில் பங்கு உள்ளவரோ வெளியூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்.

இதுதான் இன்றைய நிலையின் முரண். ஆயிரம் சன்னல் வீட்டுக்குச் சொந்தக்காரர்களுள் ஒருவர். ஆனால் இரண்டு சன்னல் உள்ள வீட்டுக்கு மாதம் பிறந்தால் வாடகை தருபவர்.

தவணைத் தலைமுறை

ஏறத்தாழ 1981 முதல் 1996 வரை பிறந்தோரை மில்லேனியல் தலைமுறை என்று மேலைநாட்டார் வகைப்படுத்துகின்றனர். அவர்களுள் மூத்தோர் நம் வயதினர். இளையோர் நம் வகுப்பறையில் அமர்ந்திருந்தவர்கள். இன்று அவர்கள் கையில் குழந்தையோடு நம்மைக் காண வருகையில் பேச்சு இலக்கியத்தில் தொடங்கி, இரண்டாம் நிமிடத்தில் வீட்டு வாடகையில் வந்து நிற்கும். நகரத்தார் மட்டும் அல்லர். வேளாளர், வலையர், தலித் மக்கள் என எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் இதில் ஒரே தளத்தில் நிற்கின்றனர்.

காரைக்குடி நெடுங்காலம் சொந்த வீட்டார் ஊராகவே இருந்தது. 1947-இல் அழகப்பச் செட்டியார் கல்லூரி நிறுவினார். 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் செயற்படத் தொடங்கியது. 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. மாதச் சம்பளக்காரரும் அவர்தம் குடும்பங்களும் குடிவந்தபோது 'வாடகைக்கு வீடு' என்ற தேவை பெருகியது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. வயல்களும் செம்மண் காடுகளும் மனைப்பிரிவுகளாகிக் கல் நட்டு நிற்கின்றன. பிள்ளையார்பட்டிச் சாலையில் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

வீடு கட்டக் கடன் என்பது நம் நாட்டில் மிகப் பழையதன்று. 1977-இல் எச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்டபோது, சம்பளக்காரனுக்கு வீட்டுக்கடன் தருவது புதுமுயற்சியாகவே கருதப்பட்டது. நம் தந்தையர் பலர் பணி ஓய்வுத் தொகையில் வீடு கட்டினர். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறும் காலத்தில் வீடு எழும்பியது. இத்தலைமுறையோ பிள்ளை தவழும்போதே கடன் வாங்கி, அது கல்லூரி முடிக்கும்போது அடைக்கிறது.

எண்களைக் காண்போம். 30 இலட்சம் ரூபாய், ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். முடிவில் கட்டிய மொத்தம் சுமார் 62.5 இலட்சம். அதாவது, ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டின் விலை. கடன் வாங்கும்போது இரண்டு வயதான பிள்ளைக்குக் கடன் தீரும்போது வயது இருபத்திரண்டு. வட்டி நிலையானதும் அன்று. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாயிற்று. அதே 30 இலட்சத்துக்கு வட்டி 7-இலிருந்து 9.5 ஆனால் தவணை மாதம் 4,700 ரூபாய் கூடும். அல்லது ஆண்டுகள் நீளும். 2025-இல் விகிதம் இறங்கியது உண்மையே. இறங்கும் வரை காத்திருக்கப் பள்ளிக் கட்டணத்துக்குத் தெரியாதே!

பத்திரச் செலவும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டு, விற்பனைப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 4-இலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 7 சதவீத முத்திரைத்தீர்வையும் சேர, 40 இலட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 3,60,000 ரூபாய். இதற்கு வங்கிக் கடன் கிடைப்பதில்லை. பெரும்பாலும் மனைவியின் நகை அடகுக்குச் செல்கிறது.

வாடகைக்கு இருப்போர் நிலை என்ன? 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் வேறாகக் கூறாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. அந்த 'ஒப்பந்தம் வேறாகக் கூறாதவிடத்து' என்னும் சிறு தொடருக்குள் பெருநகரத்துப் பத்து மாத முன்பணம் சுகமாக நுழைந்துகொள்கிறது. குழந்தை சுவரில் கிறுக்கினால் முன்பணத்தில் கழிவு. பதினோரு மாதத்துக்கொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கையில் வாடகை ஏறும். வீடு மாறினால் பள்ளி வேன் வரும் வழி மாறும்.

இல்லாமற் போனது எது?

நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தவணை கட்ட இருவர் சம்பளம் வேண்டும். இருவரும் வேலைக்குச் சென்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆளுக்கோ காப்பகத்துக்கோ பணம் வேண்டும். அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும். வீட்டு விலை கூடக்கூட வீடு ஊரை விட்டுத் தள்ளிப்போகிறது. பேருந்தில் கழியும் ஒரு மணி நேரம் பிள்ளையின் மாலைப்பொழுதிலிருந்து கழிகிறது. கிராமத்து அப்பத்தாவை வரவழைக்கலாம் என்றால் அவர் படுக்க மூன்றாவது அறை இல்லை. மூன்றாவது அறைக்கு இன்னும் பத்து இலட்சம்.

வளவில் இருந்த ஆச்சிக்கு இன்றைய பெண்ணுக்கு உள்ள படிப்பு, சம்பளம், தன் பெயரில் பத்திரம் ஆகியவை இல்லை. கணவன் கடலுக்கு அப்பால். சீர் குறைந்தால் சொல் பொறுக்க வேண்டும். அவ்வாழ்வுக்கு மீள எவரும் விரும்பார்; விரும்பவும் வேண்டா. ஆயினும் அவளுக்கு வாய்த்திருந்த ஒன்று இவளுக்கு இல்லை. இளங்குடும்பத்தின் முதற்சில ஆண்டுகளின் சுமையை மூத்தோர் கணக்கில் எழுதும் ஏற்பாடே அது. இளையோர் தலையெடுக்கும் வரை கூரையின் செலவைப் பழந்தலைமுறை ஏற்றது. இன்று அச்சுமை முழுதும், வட்டியோடு, முப்பது வயதினர் இருவரின் தலையில் முதல் நாளிலேயே ஏற்றப்படுகிறது. வீட்டு விலை உயர்வினால் ஆதாயம் அடைபவர் ஏற்கெனவே மனை வாங்கிப் போட்ட மூத்த தலைமுறையினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கணக்கு தலைகீழாகத் திரும்பிவிட்டமை விளங்கும். அன்று மூத்தோர் இளையோர்க்குப் படி அளந்தனர். இன்று இளையோர் மூத்தோர்க்கு மனை விலையாகவும் வாடகையாகவும் அளக்கின்றனர்.

வட்டி வாங்கி எழுந்த நாடு வட்டி கட்டும் நாடாயிற்று என்று சொல்லி முடித்துவிடலாம். ஊழ்வினை என்று ஒரு பெயரும் சூட்டலாம். ஆனால் வட்டி கட்டுபவர் அன்று வாங்கியவரின் கொள்ளுப்பேரர் மட்டும் அல்லர். கீற்றுக் குடிசைக்குத் திரும்பிய சித்தாளின் கொள்ளுப்பேத்தியும் இன்று அதே வங்கி வாசலில் நிற்கிறாள். அவளுக்கு அன்றும் வளவு இல்லை, இன்றும் இல்லை. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் குடிசைவாழ் ஊரகக் குடும்பங்களுக்கு 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய் தருகிறது. முதன்முறையாகக் காங்கிரீட் கூரைக்குக் கீழ்ப் பிள்ளையை உறங்கவைக்கும் தாய்க்கு அது சிறிதன்று. ஆனால் மாதச் சம்பளம் பெற்று நகரில் வாழும் நடுத்தர இளங்குடும்பத்துக்கு அத்திட்டத்தில் இடமில்லை. வங்கியிலோ இடம் உண்டு, விலைதான் இருபது ஆண்டு.

செய்யக்கூடியது ஏதுமில்லையா? பூட்டிய வீடுகளின் பங்காளிகள் கூடி, ஒருவரைப் பொறுப்பாளராக்கி, ஒரு பத்தியையேனும் பழுதுபார்த்து, பங்குள்ள இளங்குடும்பத்துக்கோ, பணியின் பொருட்டு அவ்வூருக்கு வந்த இளம் ஆசிரியைக்கோ, செவிலிக்கோ நியாயமான வாடகைக்கு விடலாம். விடுதி நடத்த இசையும் இருபத்தேழு கையொப்பம் இதற்கு இசையாதா? மகன் கையில் மனைப் பத்திரத்தைத் தம் காலத்துக்குப் பின்னரே கொடுக்க எண்ணும் பெற்றோர், அவனுக்குப் பிள்ளை பிறந்த ஆண்டிலேயே 'வேறு வைக்க' எண்ணலாம். மூத்த மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும்.

பிள்ளையார்பட்டிக் கோயிலிலிருந்து இன்றும் மணமாலை வருகிறது. இளந்தம்பதியர் இன்றும் புள்ளி ஆகின்றனர். முன்னாளில் அப்புள்ளியோடு ஓர் அறையும் ஓர் அடுப்பும் ஓராண்டு நெல்லும் வந்தன. இப்போது வருவது வரிச்சீட்டும் வாழ்த்தும்.